தட்டுல போகணும், தட்டுல வரணும்: செய்யூர் ஆயாவும் கிறிஸ்துமஸ் பலகாரமும்

டிசம்பர் வந்தாலே நம்ம இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான். "கிறிஸ்துமஸுக்கு ஃப்ரெண்ட்ஸுக்கு, வீட்டுக்கு என்ன கிஃப்ட் தரலாம்? கடையில வாங்காம நாமே செய்யறதுன்னா எதைச் செய்யலாம்?" இந்த எபிசோடுல அதுக்குப் பதில் சொல்றேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், நான் இதுல எக்ஸ்பர்ட் கிடையாது. போன வருஷம் இதுல பெரிய தப்பு பண்ணவன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அம்மா ஊர் செய்யூர். மகாபலிபுரம் தாண்டி ஈசிஆர்ல பாண்டிச்சேரி போகும்போது முதலியார்குப்பம் போட் ஹவுஸைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கழிமுகம், உப்பளம், பனை மரம் எல்லாம் செய்யூர் பக்கம்தான். அங்கே ஆயா இருக்காங்க, அம்மாவோட அம்மா. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தெருவில் 16 வீட்டுக்குப் பலகாரத் தட்டு போகும். அச்சு முறுக்கு, கல்கலா, ஒரு துண்டு கேக், ரெண்டு வாழைப்பழம். அதுல கிறிஸ்தவங்க வீடு நாலுதான். மிச்ச வீடுகள்ல இருந்து தீபாவளிக்கு அதிரசமும் பொங்கலுக்குப் பனங்கிழங்கும் நமக்கு வரும்.

போன வருஷம் ஆயாவுக்கு முழங்கால் வலி. "நீங்க அடுப்படியில நிக்க வேணாம், நான் பார்த்துக்கறேன்"னு சொல்லிட்டு, ஆன்லைன்ல 16 கிஃப்ட் ஹாம்பர் ஆர்டர் பண்ணிட்டேன். குக்கீஸ், சாக்லேட், ஒரு வாசனை மெழுகுவர்த்தி, மேல சிவப்பு ரிப்பன். காசும் கொஞ்சம் இல்லை. 24-ம் தேதி சாயங்காலம் வீடு வீடாப் போய்க் கொடுத்தேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாங்க. ஆயா மட்டும் ஒண்ணும் பேசலை. ராத்திரி படுக்கும்போது கேட்டாங்க: "அட்டைப் பொட்டிய எப்படிடா திருப்பித் தருவாங்க?"

அப்போ எனக்குப் புரியலை. எவர்சில்வர் தட்டுல பலகாரம் போனா அந்தத் தட்டு திரும்பி வரணும். வெறும் தட்டா வரக்கூடாது. ஒரு கைப்பிடி சர்க்கரையோ, நாலு வெத்திலையோ, தோட்டத்து எலுமிச்சையோ ஏதாவது இருக்கும். அட்டைப் பெட்டி அப்படித் திரும்பி வராது. கொடுத்ததோட கதை முடிஞ்சுடுது.

இதுல ஒரு வீடு இருக்கு. ஆயா வீட்டுக்குப் பக்கத்து வீடு. வேலி ஓரத்துத் தென்னை யாருதுன்னு தகராறு வந்து, சர்வேயர் வந்து அளந்து, நாலு வருஷமா ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஆனா தட்டு மட்டும் நிக்கலை. கிறிஸ்துமஸுக்கு இங்கேயிருந்து ஒரு பையன் கையில போகும், பொங்கலுக்கு அங்கேயிருந்து ஒரு பொண்ணு கையில வரும். நடுவுல தட்டு யார் வீட்டுல இருக்கோ அங்கேயே அடுத்த பண்டிகை வரைக்கும் தங்கிடும். நான் ஹாம்பரைக் கொண்டுபோய் அவங்க திண்ணையில வெச்சுட்டு வந்துட்டேன். இந்த வருஷப் பொங்கலுக்கு அங்கேயிருந்து ஒண்ணும் வரலை. "தட்ட முதல்ல நிறுத்தினது நாமதானே"ன்னு ஆயா சொன்னாங்க, அவ்வளவுதான்.

அதான் போன சனி, ஞாயிறு செய்யூர் போய் ஆயா பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிட்டு வந்தேன். இனி சமாச்சாரத்துக்கு வர்றேன்.

முதல்ல அச்சு முறுக்கு. பேரு முறுக்குன்னாலும் இது இனிப்பு. கேரளத்துல அச்சப்பம்னு சொல்றாங்க, இலங்கையில கொக்கிஸ். ஸ்வீடன், நார்வே பக்கமும் இதே மாதிரி இரும்பு அச்சை மாவுல முக்கி எண்ணெயில பொரிக்கிற பலகாரம் கிறிஸ்துமஸுக்கு உண்டு. முட்டை வாசனை பிடிக்காதவங்க முட்டை இல்லாமலும் செய்யறாங்க, ஆனா அந்த மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும்.

அரை கிலோ பச்சரிசியை ரெண்டு மணி நேரம் ஊறவெச்சு, தண்ணி வடிச்சு, துணியில பரப்பி, ஈரம் இருக்கும்போதே அரைச்சு சலிக்கணும். கடையில விக்கிற காய்ஞ்ச அரிசி மாவுலயும் வரும், ஆனா தேங்காய்ப் பால் கூடுதலாக் குடிக்கும். ஒரு தேங்காயோட கெட்டிப் பால், 150 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை, கொஞ்சம் உப்பு, எள்ளு, ஏலக்காய். மாவு தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வா இருக்கணும். இந்தக் கணக்குல எங்களுக்கு 50 சொச்சம் வந்தது.

கஷ்டம் மாவுல இல்லை, அச்சுலதான். முதல் ஏழு முறுக்கும் எனக்கு அச்சை விட்டு வரவே இல்லை. குச்சியால நோண்டி எடுத்தேன். எட்டாவதுலதான் ஆயா வாயைத் திறந்தாங்க: "அச்சு சுட்டுச்சாடா?"

விஷயம் அதுதான். அச்சை எண்ணெயிலேயே போட்டு நல்லாக் காய வைக்கணும். காய்ஞ்ச அச்சை மாவுல முக்கின உடனே சுர்ருன்னு ஒரு சத்தம் வரணும். அந்தச் சூட்டுல இரும்பை ஒட்டின மாவும் முட்டையும் உடனே வெந்து ஒரு மெல்லிய தோலாப் பிடிக்குது. அப்புறம் எண்ணெயில இறக்கினா உள்ள இருக்கிற ஈரம் ஆவியா வெளியே போகப் போக, முறுக்கு விறைச்சுத் தானா அச்சை விட்டுக் கழண்டுடும். லேசா ஒரு உதறு உதறினாப் போதும். அச்சு ஆறிப்போயிருந்தா மாவு பச்சையாவே இரும்போட ஒட்டிக்கும். ரொம்பக் காய்ஞ்சுட்டாலும் ஆபத்துதான், மாவு பிடிக்காம வழுக்கி விழுந்துடும். ஒவ்வொரு முறுக்குக்கும் நடுவுல அச்சை மறுபடி எண்ணெயில காய விடறது இதுக்குத்தான். அவசரப்படறவங்களுக்கு இந்தப் பலகாரம் சரிப்படாது, எனக்கே சரிப்படலை.

இன்னொண்ணு, அச்சை மாவுல முழுசா முக்கிடக் கூடாது. முக்கால் பங்குதான். மேல்பக்கம் மாவு மூடிடுச்சுன்னா முறுக்கு அச்சைக் கட்டிப் பிடிச்சுக்கும், கழட்டவே முடியாது. புது அச்சு வாங்கினா ஒரு ராத்திரி வடிகஞ்சியில ஊறவெச்சு, கழுவித் துடைச்சு, அடுத்த நாள் முழுக்க எண்ணெயில போட்டு வெச்சுட்டு அப்புறம் எடுங்க. முதல் அஞ்சாறு எப்படியும் வீணாகும், அதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க. பழைய அச்சு வீட்டுல இருந்தா சோப்புப் போட்டுத் தேய்க்காதீங்க. ஆயாகிட்ட இருக்கிற அச்சு அவங்க கல்யாணத்துக்கு வந்தது, கறுப்பா இருக்கும். நான் பாத்திரம் கழுவுற பொடியை எடுத்தப்போ கையிலேயே ஒண்ணு போட்டாங்க.

அடுத்து கல்கலா. கல்கல்னும் சொல்லுவாங்க, கோவாவுல குல்குல். அரை கிலோ மைதா, ஒரு பிடி ரவை, 50 கிராம் நெய், 100 கிராம் பொடிச்ச சர்க்கரை, பிசைய தேங்காய்ப் பால். நெய்யை முதல்ல காய்ஞ்ச மாவுலயே விரலால தேய்ச்சு விடணும். பிடிச்சா கொழுக்கட்டை மாதிரி நிக்கணும், விட்டா உதிரணும். நெய் மாவைச் சுத்திப் படியறதால மாவு ரப்பர் மாதிரி இழுபடாது, கடிச்சாப் பொடியும். அதுக்கப்புறம்தான் தேங்காய்ப் பால், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. தளரப் பிசைஞ்சீங்கன்னா எண்ணெய் குடிக்கும்.

கோலிக்குண்டு அளவு உருட்டி, முள்கரண்டியோட முதுகுல வெச்சு அழுத்தி அப்படியே சுருட்டினா சங்கு மாதிரி வரும். புதுச் சீப்பும் உதவும். தனியா உட்கார்ந்து செஞ்சா விடிஞ்சுடும். நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவெச்சு அரட்டை அடிச்சுக்கிட்டே செய்யற வேலை இது. ரூம்மேட்ஸ் இருக்கிறவங்க குடுத்து வெச்சவங்க. மிதமான தீயில பொரிக்கணும், தீ அதிகமா இருந்தா வெளியே சிவந்து உள்ள மாவா நிக்கும்.

கேக் பத்தி நான் அதிகம் சொல்லப் போறதில்லை, யூடியூப்ல ஆயிரம் இருக்கு. ஓவன் இல்லாதவங்க குக்கர்ல உப்புப் பரப்பி வெயிட், கேஸ்கெட் ரெண்டையும் கழட்டிட்டுச் செய்யலாம். உலர்பழத்தை ஆரஞ்சு ஜூஸ்ல ஒரு ராத்திரி ஊறவெச்சாலே போதும், மாசக்கணக்கா ரம்ல ஊறணும்னு கட்டாயம் இல்லை.

செஞ்சதைக் கெடாம வைக்கிறதுதான் நம்ம கடற்கரைப் பக்கம் பெரிய தலைவலி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல தொடங்கி டிசம்பர் வரைக்கும் இருக்கு. கிறிஸ்துமஸ் பலகாரம் சுடற நேரத்துல காத்து முழுக்க ஈரம். 2022-ல மாண்டஸ் புயல் டிசம்பர் 9-ம் தேதி ராத்திரி மகாபலிபுரம் பக்கம் கரையைக் கடந்தது. அந்த வாரம் ஆசையா முன்கூட்டியே சுட்டு வெச்ச அச்சு முறுக்கு மொத்தமும் நமுத்துப் போச்சு. சர்க்கரையும் மாவும் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், அதனால வர்ற வினை.

அதனால முழுசா ஆறின பிறகுதான் டப்பாவுல போடணும். சூடா மூடினா அதோட ஆவியே அதை நமுக்க வெச்சுடும். டப்பா இறுக்கமா மூடணும், அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. பார்க்கணும்னு தோணும், தின்னணும்னும் தோணும், நான் ரெண்டும் பண்ணேன். நமுத்துப் போனா தூக்கிப் போட வேணாம். ஓவனை 120 டிகிரியில வெச்சு ஒரு ஏழெட்டு நிமிஷம் காட்டி ஆறவிட்டா மறுபடி மொறுமொறுன்னு ஆகிடும். அடியில எண்ணெய் இழுக்க நியூஸ் பேப்பர் போடற பழக்கம் எங்க வீட்டுலயும் இருந்தது. அச்சு மை உணவுல ஒட்டும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரிக்கை விட்டிருக்கு. பட்டர் பேப்பரோ வெள்ளைத் துணியோ போடுங்க.

இப்போ சிட்டியில இருக்கிற ஃப்ரெண்ட்ஸுக்கு வருவோம். அபார்ட்மென்ட்ல, ஆபீஸ்ல எவர்சில்வர் தட்டை எடுத்துக்கிட்டு அலைய முடியாது, ஒத்துக்கறேன். அவங்களுக்கு நான் பனையோலைப் பெட்டி யோசிச்சிருக்கேன். பனை நம்ம மாநில மரம். மணப்பாடு, பழவேற்காடு ரெண்டு ஊர்லயும் பெண்கள் ஓலையில பெட்டி, கூடை முடையறதைத் தொழிலாவே செய்யறாங்க. செய்யூர்ல மரம் இருக்கு, ஆனா எங்க தெருவுல முடையத் தெரிஞ்ச கை ஒண்ணு ரெண்டுதான் மிச்சம். அதுல ஆயா ஒருத்தர்.

பெட்டிக்குக் குருத்தோலைதான் வேணும், விரியாத இளம் ஓலை. முத்தின ஓலை மடிச்சா விரிசல் விடும். அதை வெயில்ல காயவெச்சா வெளிர் மஞ்சளா மாறும். நடு ஈர்க்கைக் கிழிச்சு எடுத்துட்டு, ஒரே அகலத்துல வார வேணும். முடையறதுக்கு முன்னாடி தண்ணியில நனைச்சு ஈரத்துணியில சுத்தி வெச்சா ஓலை துவளும், சொன்னபடி கேட்கும். முடைஞ்சு முடிச்சதும் நல்லாக் காய வைக்கலைன்னா பூஞ்சை பிடிக்கும். டிசம்பர்ல வெயில் எங்கே கிடைக்கப் போகுது? அதனால ஓலையை ஐப்பசி மழைக்கு முன்னாடியே வாங்கிக் காயவெச்சுடணும். இந்த வருஷம் அந்த நேரம் தாண்டிப் போச்சு, நான் காய்ஞ்ச ஓலையா விலைக்குத்தான் வாங்கினேன். மரத்துல நீங்களே ஏறி வெட்டாதீங்க, ஒரு குருத்துக்கு மேல எடுத்தா மரத்துக்கும் நல்லது இல்லைன்னு ஆயா சொல்றாங்க.

பெட்டி முடைய முதல் தடவையே வராது. எனக்கு வந்தது ஒரு பக்கம் சாய்ஞ்ச பெட்டி. நேரம் இல்லாதவங்க நட்சத்திரம் செய்யலாம். ஒரே நீளத்துல நாலு வார், ஒவ்வொண்ணையும் ரெண்டா மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோர்த்துப் பின்னி, முனைகளை மடிச்சுச் செருகினா நட்சத்திரம் வந்துடும். ஜெர்மனியில இதைக் காகிதத்துல செய்வாங்க. கிண்டர்கார்டனைத் தொடங்கின ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் பேர்ல அதுக்கு ஃப்ரோபெல் நட்சத்திரம்னு பேர். முதல்ல காகிதத்துல பழகிட்டு அப்புறம் ஓலைக்கு வாங்க. பலகார டப்பா மேல அதை ஒரு நூல்ல கட்டினா ரிப்பனே வேணாம்.

ஒரு பிராக்டிகல் விஷயம். எவ்வளவு செய்யணும்னு முதல்ல பேர் எழுதிக்கோங்க. நான் தட்டுக்கு ஆறு அச்சு முறுக்குன்னு கணக்குப் போட்டேன். 16 தட்டுக்கு 96, உடையறதுக்கும் நான் தின்னறதுக்கும் சேர்த்து ஒரு கிலோ அரிசி. வர்ற 21, 22 லீவு போட்டிருக்கேன். ஆயா ஸ்டூல்ல உட்கார்ந்து சொல்லுவாங்க, அச்சு என் கையில. முட்டை, பால், நட்ஸ் யாருக்காவது ஆகாதான்னு கேட்டு வெச்சுக்கோங்க, டப்பா மேல எழுதியும் ஒட்டிடுங்க.

கிளம்பற அன்னைக்குப் பாத்திர அலமாரியைத் துடைச்சப்போ ஒரு தட்டு கிடைச்சது. அடியில பேர் வெட்டியிருந்தது, பக்கத்து வீட்டுத் தாத்தா பேரு. முந்தின வருஷப் பொங்கலுக்குப் பனங்கிழங்கு வெச்சு அனுப்பின தட்டு. போன கிறிஸ்துமஸுக்கு அது பலகாரத்தோட திரும்பிப் போயிருக்கணும். அதுக்குப் பதிலாத்தான் நான் அட்டைப் பெட்டியைக் கொண்டுபோய் வெச்சிருக்கேன். அவங்க தட்டு ஒண்ணு ரெண்டு வருஷமா நம்மகிட்டயே கிடக்கு.

ஆயா அதை வாங்கிப் புளி போட்டுத் தேய்ச்சுத் தனியா வெச்சுட்டாங்க. தாத்தாவுக்குப் பல் இல்லை, அச்சு முறுக்கை டீயில நனைச்சுத்தான் தின்பாராம். "அவருக்கு எட்டா வை"ன்னாங்க. இந்தத் தடவை பையனை அனுப்பலை. 24-ம் தேதி சாயங்காலம் நான்தான் எடுத்துக்கிட்டுப் போறேன், திண்ணையில வெச்சுட்டு வராம, கதவைத் தட்டி.