பணம் கரைந்தது, பாசம் கரையவில்லை!

பாரிஸ் நகரம். 1832-ம் ஆண்டு.

ஓர் இளைஞர் அங்கே தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சுவிட்சர்லாந்து நாட்டுக்காரர். வயது 24. பெயர் லூயி அகாசி.

பழங்காலத்தில் வாழ்ந்து, கல்லாக உறைந்து போன மீன்களைப் பற்றி அவர் ஆராய்ந்து வந்தார். நல்ல மூளை. நல்ல உழைப்பு. ஆனால் கையில் காசு இல்லை. மீன்களைப் படம் வரைய ஓர் ஓவியரை வைத்திருந்தார். அவருக்குச் சம்பளம் கொடுப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான் என்ற நிலை.

அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதனுடன் 1,000 பிராங்க் பணமும் வந்தது!

அனுப்பியவர் ஒரு பெரியவர். வயது 62. உலகமெங்கும் புகழ் பெற்ற விஞ்ஞானி. அவர் பெயர் அலெக்சாந்தர் ஹம்போல்ட்.

அந்தப் பணத்தால் ஆராய்ச்சி பிழைத்தது. அகாசி பின்னர் அமெரிக்கா சென்றார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பெரிய பேராசிரியர் ஆனார்.

37 ஆண்டுகள் ஓடின. 1869-ல் ஹம்போல்டின் நூறாவது பிறந்தநாள் விழா அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் நடந்தது. ஹம்போல்ட் அப்போது உயிரோடு இல்லை. விழாவில் அகாசி பேசினார். அவருக்கு அப்போது என்ன வயது தெரியுமா? அதே 62!

அந்த விழாவின் நினைவாக, ஹார்வர்டில் ஹம்போல்ட் பெயரால் ஓர் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தப்பட்டது. ஏழை இளைஞனுக்கு வந்த உதவி, வேறு இளைஞர்களுக்கு உதவியாக மாறியது!

உபகாரச் சம்பளம் என்பதைக் கல்வி உதவித் தொகை என்று இப்போது சொல்கிறோம். ஸ்காலர்ஷிப் என்றும் சொல்கிறோம். எப்படிச் சொன்னாலும் ஒரு கேள்வி உண்டு. பணம் கொடுத்தாகிவிட்டது. படிப்பும் முடிந்துவிட்டது. அதோடு உறவும் முடிந்துவிட வேண்டுமா?

"கூடாது" என்று சொல்லி, அதைச் செய்தும் காட்டியது ஹம்போல்ட் பெயரில் எழுந்த அறக்கட்டளை. அதன் கதைதான் இது.

கொடுத்தே கரைந்த செல்வர்

ஹம்போல்ட் 1769-ல் ஜெர்மனியில் பெர்லின் நகரில் பிறந்தார். வசதியான குடும்பம். 1796-ல் தாயார் இறந்ததும் பெருஞ்சொத்து கைக்கு வந்தது.

வேறு யாராக இருந்தாலும் மாளிகை கட்டியிருப்பார். ஹம்போல்ட் கப்பல் ஏறினார்! 1799 முதல் 1804 வரை தென் அமெரிக்கா, மெக்சிகோ முதலிய இடங்களில் அலைந்தார். காடுகளில் நடந்தார். ஆறுகளில் படகு விட்டார். சிம்பராசோ என்ற பெரிய எரிமலையில் ஏறினார். செடி, கொடி, காற்று, கடல் எல்லாவற்றையும் அளந்து எழுதினார்.

பயணத்திலும், பயணத்தைப் பற்றிய புத்தகங்களை அச்சிடுவதிலும் சொத்து கரைந்தது. மிச்சம் இருந்ததையும் அவர் பூட்டி வைக்கவில்லை. கெட்டிக்கார இளைஞர் யாரைக் கண்டாலும் உதவி செய்தார்.

லீபிக் என்ற ஜெர்மானிய இளைஞரின் கதையைக் கேளுங்கள். 1823-ல் அவருக்கு வயது 20. ஹம்போல்ட் அவரைப் பாரிஸில் கண்டார். கே-லுசாக் என்ற பெரிய ரசாயன விஞ்ஞானியிடம் சேர்த்துவிட்டார். அடுத்த ஆண்டே, 21 வயதில், லீபிக் ஜெர்மனியில் பேராசிரியர் ஆனார். அதற்கும் ஹம்போல்டின் சிபாரிசு உதவியது.

பயிருக்கு என்னென்ன சத்து வேண்டும் என்று ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் இந்த லீபிக். இன்று வயலுக்கு உரம் போடும் விவசாயி ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவரே. 1840-ல் அவர் எழுதிய புகழ் பெற்ற விவசாய ரசாயன நூலை யாருக்குச் சமர்ப்பணம் செய்தார் தெரியுமா? ஹம்போல்டுக்கு!

ஹம்போல்ட் தம் ஆயுளில் சுமார் 50,000 கடிதங்கள் எழுதினார் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மனைவி இல்லை, மக்கள் இல்லை. கடிதம் எழுதிய நண்பர்களே அவருடைய குடும்பம். கடைசிக் காலத்தில் அரசர் கொடுத்த சம்பளத்தில் வாழ்ந்தார். 1859-ல், 89-வது வயதில் காலமானார்.

பறந்து போன மூலதனம்

மறு ஆண்டே, 1860-ல், அவர் பெயரால் பெர்லினில் ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. வெளிநாடுகளுக்குப் போய் ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானிகளுக்கு அது பணம் கொடுத்தது. மூலதனத்தைத் தொடுவதில்லை, அதிலிருந்து வரும் வருமானத்தில் உதவி. நம் ஊர்க் கோயில் கட்டளைகளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. முதலாம் உலகப் போர் வந்தது. ஜெர்மனி தோற்றது. அதன் பிறகு அங்கே பணத்தின் மதிப்பு சரிந்தது. எப்படிச் சரிந்தது? கேட்டால் தலை சுற்றும்!

1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலர் வாங்க 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. பெர்லினில் ஒரு ரொட்டியின் விலை சுமார் 20,000 கோடி மார்க்! வாழ்நாள் முழுவதும் சேர்த்த பணத்தால் ஒரு வேளைச் சாப்பாடுகூட வாங்க முடியவில்லை.

அறக்கட்டளையின் மூலதனமும் அப்படியே போயிற்று. திருடன் வரவில்லை. தீப்பிடிக்கவில்லை. பணம் பெட்டியில் இருந்தபடியே மறைந்தது.

1925-ல் ஜெர்மன் சர்க்கார் அறக்கட்டளைக்கு மறுபடி உயிர் கொடுத்தது. இந்த முறை திசை மாறியது. ஜெர்மானியர் வெளியே போவதற்கு அல்ல. வெளிநாட்டவர் ஜெர்மனிக்கு வந்து படிப்பதற்கு உதவி.

பிறகு ஹிட்லர் வந்தான். இரண்டாம் உலகப் போரும் வந்தது. 1945-ல் ஜெர்மனி இடிபாடுகளின் குவியல் ஆயிற்று. அறக்கட்டளையும் மூடப்பட்டது.

இரண்டு முறை செத்தாகிவிட்டது. இனி அவ்வளவுதான் என்றே யாரும் நினைப்பார்கள்.

கதவைத் தட்டியவர்கள் யார்?

இங்கேதான் அதிசயம் நடந்தது.

முன்பு அந்த அறக்கட்டளையின் உதவியால் ஜெர்மனியில் தங்கி ஆராய்ச்சி செய்த வெளிநாட்டார் பலர் தத்தம் நாடுகளில் இருந்தார்கள். போர் அவர்களையும் ஜெர்மனியையும் பிரித்திருந்தது. ஆனாலும் அவர்கள் மறக்கவில்லை. "அந்த அறக்கட்டளை மறுபடி வர வேண்டும்" என்று ஊக்கப்படுத்தினார்கள்.

பணம் பெற்றவர்கள், தங்களுக்குப் பணம் கேட்கவில்லை. இனி வரப்போகும் யாரோ முகம் தெரியாத இளைஞர்களுக்காகக் கதவைத் தட்டினார்கள்!

1953 டிசம்பர் 10-ந் தேதி மேற்கு ஜெர்மன் சர்க்கார் அறக்கட்டளையைப் புதிதாக நிறுவியது. பான் நகரில் அலுவலகம். முதல் தலைவர், நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஹைசன்பர்க். 1975 வரை அவரே தலைவராக இருந்தார். 1956 முதல் 1994 வரை, 38 ஆண்டுகள், பொதுச் செயலாளராக உழைத்தவர் ஹைன்ரிக் பைபர்.

1923-ல் மூலதனம் காற்றில் போனபோது அதைக் காப்பாற்ற எவராலும் முடியவில்லை. 1945-ல் அறக்கட்டளை செத்தபோது அதை எழுப்ப மனிதர்கள் இருந்தார்கள். உண்மையான மூலதனம் எது என்று இதிலிருந்து தெரியவில்லையா?

புதிய அறக்கட்டளையின் கொள்கை இதுதான்: ஒரு முறை இங்கே வந்தவர், ஆயுள் முழுவதும் நம்மவர்.

தாய்வீட்டுச் சீர்

பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டோம் என்று எந்தத் தாய்வீடாவது சும்மா இருக்கிறதா? தீபாவளிக்குச் சீர் போகிறது. பொங்கலுக்கு வரிசை போகிறது. பிள்ளைப்பேற்றுக்கு அழைத்து வருகிறார்கள். அதனால்தான் உறவு நிற்கிறது.

ஹம்போல்ட் அறக்கட்டளையும் ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறது.

முதலில், ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை. இந்த நாட்டுக்கு இத்தனை பேர், அந்தப் பாடத்துக்கு இத்தனை பேர் என்ற பங்கீடு கிடையாது. ஆளின் தகுதியே கணக்கு. ஜெர்மனியில் எந்தப் பேராசிரியருடன் சேர்ந்து வேலை செய்வது என்பதை, வருகிறவரே தேடி முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆகவே, அவர் ஒரு கட்டடத்துக்கு வரவில்லை. ஒரு மனிதரிடம் வருகிறார். முதல் முடிச்சு அங்கே விழுகிறது.

அடுத்து, குடும்பம். மனைவியோ கணவரோ கூட வரலாம். குழந்தைகளும் வரலாம். அதற்கும் உதவி உண்டு. ஜெர்மன் மொழி கற்க ஏற்பாடு உண்டு. கணவர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்க, மனைவி பேச்சுத் துணையின்றி வீட்டில் அடைந்து கிடந்தால் அந்த ஊரின் மேல் யாருக்கு அன்பு வரும்? அந்தக் கஷ்டத்தை அவர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள்.

பிறகு, சுற்றுலா. பல நாட்டு ஆராய்ச்சியாளர்களையும் ஒன்றாகச் சேர்த்து ஜெர்மனியைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஒரே வண்டியில் போய், ஒரே மேஜையில் சாப்பிட்டால் நட்பு தானே வளரும். ஆண்டுக்கொரு கூட்டமும் உண்டு. நாட்டின் குடியரசுத் தலைவரே வரவேற்பு அளிக்கிறார்.

சரி, ஊர் திரும்பிய பிறகு?

அங்கேதான் மற்றப் பல உதவித் திட்டங்கள் முடிகின்றன. இங்கே அப்போதுதான் தொடங்குகிறது!

திரும்பிப் போனவருக்கு அவர் நாட்டில் ஆராய்ச்சிக் கருவி இல்லையா? ஏழை நாடுகளுக்குக் கருவி வாங்க உதவி. புத்தகம் இல்லையா? புத்தகம் அனுப்பும் திட்டம். சில ஆண்டுகள் கழித்து மறுபடி ஜெர்மனிக்கு வந்து பழைய நண்பர்களுடன் வேலை செய்ய விருப்பமா? மூன்று மாதம் வரை வந்து தங்கலாம்.

முன்னாள் உதவி பெற்றவர்கள் பல நாடுகளில் தாங்களே கழகம் அமைத்திருக்கிறார்கள். இந்தியாவிலும் இத்தகைய கழகங்கள் உண்டு. மூத்தவர்கள் இளையவர்களுக்கு வழி சொல்கிறார்கள். மாநாடு நடத்துகிறார்கள். மாநாட்டுக்கு அறக்கட்டளை பணம் கொடுக்கிறது.

அந்தக் காலத்தில் கடிதமும் பத்திரிகையும்தான் பாலம். இன்று கணினியிலும் கைபேசியிலும் எந்த நாட்டில் எந்தத் துறையில் யார் இருக்கிறார் என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். வசதி புதிது. வேலை பழையது. பெயரை மறக்காமல் வைத்திருப்பதே அந்த வேலை.

விருந்தாளி வீட்டுக்காரர் ஆனார்

1979-ல் ஒரு புதிய திட்டம் வந்தது. பியோடர் லைனன் என்ற விஞ்ஞானியின் பெயரால் வந்தது. ஹைசன்பர்க்குக்குப் பிறகு தலைவராக இருந்த அவரும் நோபல் பரிசு பெற்றவர்.

திட்டம் என்ன? ஜெர்மனியிலிருந்து இளம் ஆராய்ச்சியாளர்கள் வெளிநாடு போய் வேலை செய்ய வேண்டும். யார் வீட்டுக்குப் போவது? முன்பு ஜெர்மனிக்கு வந்து உதவி பெற்றுச் சென்றவர்களிடம்தான்!

நேற்று விருந்தாளியாக வந்தவர், இன்று வீட்டுக்காரர். நேற்றுக் கற்றுக்கொண்டவர், இன்று கற்றுக் கொடுப்பவர். கட்டிக் கொடுத்த அக்காள் வீட்டுக்குத் தம்பி விடுமுறைக்குப் போவதில்லையா? அதுபோலத்தான்.

வாங்கிக்கொண்டே இருப்பவனுக்கு ஒரு கூச்சம் இருக்கும். திருப்பிச் செய்ய ஒரு வழி கிடைத்தால் அந்தக் கூச்சம் போய்விடும். இருவரும் சமமாக உட்கார்ந்து பேசலாம். உறவு நிலைக்க அதுவே வழி.

லாபம் இல்லையா?

இவ்வளவும் தர்மம்தானா, ஜெர்மனிக்கு இதில் லாபம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அறக்கட்டளைக்குப் பெரும்பாலும் சர்க்கார் பணம்தான் வருகிறது. ஹிட்லர் செய்த கொடுமைகளால் ஜெர்மனி என்றாலே உலகம் வெறுத்த காலம் அது. போன நல்ல பெயரைப் பீரங்கியாலோ விளம்பரத்தாலோ மீட்க முடியாது. நேரில் வந்து, வாழ்ந்து பார்த்த நண்பர்களால்தான் முடியும்.

இன்று அந்த நண்பர்கள் 30,000-க்கும் அதிகம். 140-க்கு மேற்பட்ட நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் 50-க்கு மேற்பட்டவர்கள் நோபல் பரிசு பெற்றவர்கள்.

நம் வீட்டிலும் செய்யலாம்

நம் ஊர்களிலும் உபகாரச் சம்பளம் கொடுக்கும் நல்லவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்கள் கொடுக்கின்றன. சங்கங்கள் கொடுக்கின்றன. மேடை போட்டு, மாலை போட்டு, பணத்தைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பெரிய செலவு வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உதவி பெற்ற ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை, "சௌக்கியமா? என்ன செய்கிறாய்?" என்று ஒரு வரி போகட்டும். இந்த ஆண்டு உதவி பெறும் பிள்ளைக்கு, பத்தாண்டுக்கு முன் பெற்றவர் வந்து வழி சொல்லட்டும்.

உதவி பெற்ற பிள்ளைகளும் சும்மா இருக்க வேண்டாம். அவர்கள் எழுதும் வரை காத்திராமல் நீங்களே எழுதுங்கள். "வேலை கிடைத்துவிட்டது. இனி என்னால் ஆனதைச் செய்கிறேன்" என்ற இரண்டு வரி, கொடுத்தவருக்கு எந்த மாலையையும்விடப் பெரிது.

பாரிஸில் ஒரு பெரியவர் கொடுத்த 1,000 பிராங்க் என்றோ செலவாகிவிட்டது. அவர் ஏற்படுத்திய பாசம் மட்டும் இன்னும் செலவாகவில்லை!