பின்பிரேக்கும் நல்ல பட்டறையும்

தந்தையின் ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்து பள்ளிக்கு வரும் நம்மில் எத்தனை பேர் அதன் பின்பிரேக்கைப் பற்றி எண்ணியிருக்கிறோம்?

பல ஸ்கூட்டர்களின் பின்சக்கர டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள் உள்ளன. பிரேக் பிடித்ததும் அவை விரிந்து, டிரம்மின் உட்புறத்தில் உராய்ந்து சக்கரத்தை நிறுத்துகின்றன. உராய உராய அவற்றின் மேலுள்ள லைனிங் தேய்கிறது. பிரேக் பிடிக்கையில் பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. அதற்கு அஞ்சிப் பின்பிரேக்கையே நம்பினால் அது விரைவில் தேயும். அவசரத்தில் சக்கரமும் வழுக்கும்.

பிரேக் தளர்ந்தால் நட்டை முறுக்கிச் சரிசெய்யலாம். ஆனால் முறுக்குவதால் தேய்ந்த லைனிங் வளர்ந்துவிடாது! கரகரவென ஓசை கேட்டால் உடனே டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டும்.

எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில், புது ஷூவுக்குப் பணம் வாங்கிய பட்டறைக்காரர் நட்டை மட்டும் முறுக்கி அனுப்பிவிட்டார். ஒரே வாரத்தில், ஓர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. இறையருளால் யாருக்கும் அடிபடவில்லை. வேறு பட்டறையில் டிரம்மைத் திறந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

நல்ல மெக்கானிக் தேய்மானத்தை நமக்குக் காட்டுவார். செலவை முன்னரே சொல்வார். கழற்றிய பழைய ஷூவைக் கையில் தருவார். ஓட்டிப் பார்த்த பின்பே வண்டியை ஒப்படைப்பார்.

இன்று மாலை வீடு திரும்பியதும் நாம் கேட்போம்: "அப்பா, பிரேக் ஷூ மாற்றி எவ்வளவு நாளாயிற்று?"