ரெட்டுக்கு ஃபாலோ போடும் ஊர்

செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக வாருங்கள், பிரேக் அடிக்கப் போகிறார்கள்! காசிமேடு, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று வடசென்னைச் சந்துகளில் சுற்றினால் இப்படி ஒரு கேரம் கிளப் தட்டுப்படும். ஒரு அறை, நாலு ஸ்டூல், போர்டுக்கு மேல் தாழத் தொங்கும் பல்பு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தே தெருவைப் பிளக்கிறது. உள்ளே ஒருத்தர்கூடத் தலை திருப்புவதில்லை. கண்ணெல்லாம் நடுவில் அடுக்கிய 19 காய்கள் மேல்தான்!

இந்தப் பக்கத்துப் பெண்தான் காசிமா. புதுவண்ணாரப்பேட்டை, செரியன் நகர். ஆட்டோ ஓட்டும் அப்பாதான் ஆட்டமும் சொல்லிக்கொடுத்தவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என்று போன மூன்றிலும் தங்கம். அப்போது வயது 17! தமிழக அரசு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நான் குதித்த குதி எனக்குத்தான் தெரியும்.

படத்தில் வராததைக் கிட்டப்போய்ப் பாருங்கள். போரிக் பவுடர் தூவிய பலகை, விரல் பட்டாலே வழுக்குகிறது. மழைக்காலத்தில் கடல் பக்கத்து ஈரம் ஏறினால் அதே போர்டு கனத்துப்போகும். நேற்று விழுந்த கட் இன்று பாக்கெட் வாயிலேயே நின்றுவிடும். பாக்கெட்டின் குறுக்களவு 4.45 சென்டிமீட்டர். ஸ்ட்ரைக்கர் 4.13 வரை இருக்கலாம். இடையில் 3 மில்லிமீட்டர்தான் மிச்சம், ஆனாலும் அவசரப்பட்டால் ஸ்ட்ரைக்கரே உள்ளே போய்விடும், மைனஸ்! போட்டியில் ஒவ்வொரு அடிக்கும் 15 விநாடிதான். இருக்கையை விட்டு எழக் கூடாது, நகர்த்தவும் கூடாது. காய் நம் மடிப் பக்கம், கோட்டுக்குக் கீழே ஒளிந்துகொண்டதா? கட்டைவிரலால் பின்னோக்கிச் சுண்டு, இல்லையென்றால் எதிர்ச் சட்டத்தில் மோதவிட்டுத் திருப்பி எடு. இதைச் சின்னப் பெண்கள் யோசிக்காமல் செய்கிறார்கள், பார்க்கிற நமக்குத்தான் மூச்சு நிற்கிறது. சிவப்புக் காயான ரெட்டை எடுத்தவுடன் கூட்டமே கத்தும்: "ஃபாலோ போடுடி, ஃபாலோ!" ரெட்டைத் தொடர்ந்து நம் காய் ஒன்றும் விழ வேண்டும், அதுதான் ஃபாலோ; விழாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்து உட்கார்ந்துவிடும்.

காசிமா திடீரென்று முளைத்தவர் அல்ல. 1991, 1995 இரண்டிலும் உலகச் சாம்பியனான சென்னைக்காரர் மரிய இருதயம், 1996-ல் கேரமுக்கு அர்ஜுனா விருதையே வாங்கிக்கொண்டு வந்தார். வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலகச் சாம்பியன். சர்வதேச கேரம் சம்மேளனமே 1988-ல் சென்னையில்தான் தொடங்கியது! 'வடசென்னை' படத்தில் தனுஷின் அன்பு கேரம் ஆட்டக்காரனாக வந்தது சும்மா இல்லை. ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டிலும் கேரமுக்கு இன்னும் இடம் கிடைக்காததுதான் என் ஆற்றாமை.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? ஜப்பானில் பிவா ஏரிக்கரையில் ஹிகோனே என்று ஒரு ஊர். அங்கேயும் நாலு மூலை ஓட்டை, விரலால் சுண்டுகிற காய், 'கரோமு' என்று பெயர், போட்டிகள்கூட நடத்துகிறார்கள். அந்த ஊர்ச் சாம்பியனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு அழைத்துவந்து இந்தப் பல்புக்குக் கீழே நம் பெண்களுக்கு எதிரே உட்கார வைத்தால்? டிக்கெட் போட்டாலும் முதல் வரிசையில் நான்தான்!