வீட்டு ரொட்டியும் ஓர் ஐயமும்

"ஹஜ்ரத்! ஈஸ்ட் சேர்த்தால் மாவில் சாராயம் உண்டாகிறதாமே, அந்த ரொட்டி ஹராமா?"

முதலியார்பேட்டையில் என்னிடம் ஓதும் மாணவியொருத்தி கேட்ட கேள்வி இது. பள்ளிக்கூடத்தில் நொதித்தல் பாடத்தைப் படித்துவிட்டு வந்திருந்தாள். மகள் சொன்னதைக் கேட்ட தாயார், அன்று முதல் வீட்டில் ரொட்டி சுடுவதையே நிறுத்திவிட்டாராம். ஹலாலைப் பேண வேண்டும் என்னும் அந்தத் தாயின் அச்சம் போற்றத்தக்கதே. ஆயினும், ஆகுமானதை ஆகாதென்று ஒதுக்குவதும் மார்க்கம் அன்று.

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். மாவிலுள்ள சர்க்கரையை அது உண்டு, கரியமில வாயுவையும் சிறிதளவு ஆல்கஹாலையும் வெளிவிடுகிறது. வாயு மாவை உப்பச் செய்கிறது. ஆல்கஹாலின் பெரும்பகுதி அடுப்புச் சூட்டில் ஆவியாகிவிடுகிறது. எஞ்சும் துளி, நன்கு கனிந்த பழத்தில் இயல்பாக இருப்பது போன்றதே. அதிகம் அருந்தினால் போதை தருவது எதுவோ, அதில் சிறிதளவும் விலக்கப்பட்டதாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த அளவுகோல். ரொட்டியை வயிறு வெடிக்க உண்டாலும் போதை ஏறாது! அரபு மொழியில் புளித்த மாவுக்குக் 'கமீர்' என்றும் மதுவுக்குக் 'கம்ர்' என்றும் பெயர். இரண்டுக்கும் மூடுதல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல் ஒன்றே. ஒன்று மூடிவைக்கப்படுவது; மற்றது அறிவை மூடுவது. பெயர் ஒத்திருப்பதால் சட்டம் ஒன்றாகிவிடாது.

ஐயம் கொள்ள வேண்டிய இடம் வேறு. கடை ரொட்டியின் உறையில் 471 என்னும் எண்ணைக் காணலாம். அது கொழுப்பிலிருந்து பெறப்படும் பொருள். தாவரக் கொழுப்பாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம். நம் நாட்டில் பச்சைப் புள்ளியிட்ட உறையாயின் அந்தக் கவலையில்லை. நறுமண எசென்ஸ்களில் சில ஆல்கஹாலில் கரைக்கப்பட்டவை. அவற்றின் உறையையும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

புதுவையில் பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் முதல் நாளோடு நீங்கிற்று, ரொட்டி நீங்கவில்லை. அந்தப் பிரான்ஸ் நாட்டிலேயே 1993இல் ஓர் அரசாணை பிறந்தது. மரபு ரொட்டி என்று பெயரிட்டு விற்பதில் வேதிச் சேர்க்கைகள் கூடாது. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு ஆகியவையே அடிப்படை. இந்த நான்கும் நம் வீடுகளில் கிடைப்பவைதாமே!

அடுக்களையில் ஹஜ்ரத்துக்கு என்ன வேலை என்று சிரிக்காதீர்கள் சகோதரிகளே. வீட்டு வேலையில் குடும்பத்தாருக்கு உதவுவது நபிவழியே.

மைதாவும் கோதுமை மாவும் கால் கிலோ வீதம் எடுத்து, பத்து கிராம் உப்பு, கால் தேக்கரண்டி உலர் ஈஸ்ட், ஏறக்குறைய 370 மில்லி தண்ணீர் சேர்த்துக் கரண்டியால் கலந்தால் போதும்; பிசைய வேண்டாம். இஷாவுக்குப் பின் கலந்து மூடிவைத்தால், நம்மூர் வெப்பத்தில் சுபுஹுக்குள் இருமடங்காகிக் குமிழியிட்டிருக்கும். குளிர்நாட்டுக் குறிப்புகளைப் பார்த்து ஈஸ்ட்டை அள்ளிப் போட்டால் புளித்துப் பாழாகும். காலையில் மாவு தூவி நான்கு புறமும் மடித்து, எண்ணெய் தடவிய தகரத்தட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

அவன் அடுப்பு இல்லையே என்பீர்கள். பிரியாணி தேக்சா இருக்கிறதல்லவா! அடியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, மேலே முக்காலி வைத்து, மூடிக் கால் மணி நேரம் காயவிடுங்கள். பிறகு தட்டை உள்ளே வைத்து, இறுக மூடி, மூடியின்மேல் கங்கு பரப்பித் தம் போடுங்கள். உள்ளே அடைபடும் நீராவி மேற்புறம் சீக்கிரம் காய்ந்து இறுகாமல் தடுப்பதால் ரொட்டி நன்கு எழும்பும். முக்கால் மணி நேரத்தில் எடுத்து அடிப்பக்கத்தைத் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்க வேண்டும். ஆறியபின் அறுங்கள், சூட்டில் அறுத்தால் உள்ளே பசையாக ஒட்டும்.

மணம் சேர்ப்பது அவரவர் விருப்பம். கருஞ்சீரகமோ சோம்போ ஒரு தேக்கரண்டி மாவிலேயே கலக்கலாம். பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி நறுக்கி, மடிக்கும்போது சேர்ப்பதே நல்லது. பூண்டை மட்டும் பச்சையாகப் போடாதீர்கள். அது ஈஸ்ட்டின் வேலையைத் தடுக்கும். ஜைத்தூன் எண்ணெயில் வதக்கிச் சேருங்கள். பச்சைப் பூண்டு தின்று பள்ளிவாசலுக்கு வருவதும் தடுக்கப்பட்டதுதானே! லவங்கப்பட்டைத் தூளும் அதிகமானால் மாவு எழும்பாது.

அந்த மாணவியின் தாயார் மறுவாரமே கருஞ்சீரக ரொட்டி சுட்டு மதரஸாவுக்கு அனுப்பியிருந்தார். மணல் குறைவாகப் போட்டிருப்பார் போலும், அடி சற்றுக் கருகியிருந்தது. பிள்ளைகள் கருகியதைச் சுரண்டிவிட்டு ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை.