கல்லூரி வரிசையும் கட்டணமும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும், அருப்புக்கோட்டைத் தறி வீடுகளிலும் பாலவனத்தத்துக் கரிசற்காட்டு விவசாயிகள் இல்லங்களிலும் எழும் வினா, ‘எந்தக் கல்லூரி?’ என்பது. ‘எந்த வழியாகச் சேர்வது?’ என்று முதலில் கேட்டல் நலம் என்பது நம் கருத்து.

பொறியியலை எடுத்துக்கொள்வோம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2021 முதல் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் எவரும் பட்டதாரியல்லர் எனில், முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. இரண்டும் அரசுக் கலந்தாய்வு வழியே வருவன. முன்பணம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர், அதே வகுப்பில் அமர்ந்தாலும் இவற்றை இழப்பார். தரகர்கள் இதனைச் சொல்வதில்லை!

கலந்தாய்வில் கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி பதிகிறோம். நம் தரவரிசைக்கு எட்டுவனவற்றுள் மேலே பதிந்ததே கிடைக்கும். ஆகவே 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் வரிசையிடுவோர், விடுதிச் செலவுக்கு அஞ்சித் தொலைவிலுள்ள நல்ல கல்லூரியைக் கீழே தள்ள வேண்டுவதில்லை. ஏனையோர் கட்டணம் பார்த்தே பதிதல் வேண்டும். 1957இல் தோன்றிய மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரி போன்றவற்றில் அரசு உதவி பெறும் பிரிவுகளும் சுயநிதிப் பிரிவுகளும் அருகருகே உள்ளன, கட்டணம் வெவ்வேறு.

பேருந்தில் சென்று கலைக் கல்லூரியில் பயிலும் அரசுப் பள்ளி மாணவியர்க்கு 2022 முதல் ‘புதுமைப் பெண்’ திட்டத்திலும், மாணவர்க்கு 2024 முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்திலும் மாதம் ரூ. 1,000 கிடைக்கிறது.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் அங்கத்தினர்கள் முன்னதாகவே விண்ணப்பித்து வைப்பார்களாக.