மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ!

நம்ம கல்லூரியில் எந்த விழாவானாலும் முதல் பேச்சாளர் ஒருவர்தான்: "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ!" கடைசி வரிசையில் நிற்கும் நண்பர் கையைத் தூக்கி "ஓகே" என்பார். ஒரு எலக்ட்ரானிக்ஸ் மாணவன் என்ற முறையில் கேட்கிறேன் நண்பர்களே, இது என்ன டெஸ்ட்? ஒன், டூவுக்கு அப்புறம் த்ரீதான் வரும் என்பது எல்.கே.ஜி. குழந்தைக்கே தெரியும். பாதி காதில் விழுந்தால் போதும், மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். இதில் சத்தம் வருகிறதா என்பது தெரியும்; பேச்சு புரிகிறதா என்பது தெரியாது.

விழாவில் புரியாவிட்டால் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ரயில் நிலையத்தில்? "...ஆம் நடைமேடைக்கு மாற்றப்பட்டுள்ளது." ஒன்றா, ஒன்பதா? மூட்டை முடிச்சோடு ஓடுகிறவர் எதை வைத்து யூகிப்பார்? அதுவே தீ விபத்து அறிவிப்பு என்றால் உயிர்ப் பிரச்சினை.

ஆகவே, யூகிக்க முடியாத சொற்களைக் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி ஃபிளெட்சர் குழுவினர் டெலிபோனுக்காக இதைத்தான் செய்தார்கள். அர்த்தமே இல்லாத அசைகளை ஒருவர் வாசிப்பார். மறுமுனையில் இருப்பவர் கேட்டதை எழுதுவார். எத்தனை சரியோ அத்தனை மார்க்.

1965-ல் வந்த ரைம் டெஸ்ட் இன்னும் சுலபம். ஒரு வரிசைக்கு ஆறு சொற்கள், மொத்தம் 50 வரிசைகள். ஆறு சொல்லுக்கும் வித்தியாசம் ஒரு மெய்யொலிதான். தமிழில் செய்வதானால் காடு, மாடு, நாடு, பாடு, சாடு, வாடு என்று அமைக்கலாம். ஒன்றை வாசிக்க, கேட்பவர் டிக் அடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் அடித்தாலும் ஆறில் ஒன்று சரியாகிவிடுமே (நம்ம அப்ஜெக்டிவ் கேள்வி மாதிரி)! அதற்காகத் தப்பை ஐந்தால் வகுத்துக் கழிக்க வேண்டும். 50-ல் 40 சரி, 10 தப்பு என்றால் 40 - 2 = 38. அதாவது 76 சதவீதம்.

எந்த எழுத்து முதலில் காலை வாரும்? மில்லர், நைஸ்லி இருவரும் 1955-ல் ஆங்கில மெய்யொலிகளை இரைச்சலோடு கலந்து கேட்க வைத்தார்கள். க, த, ப ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பின; ம, ந தங்களுக்குள் குழம்பின. ஆனால் ம-வைப் ப என்று கேட்டவர்கள் குறைவு. நம்ம பட்டியலில் காடும் பாடும், மாடும் நாடும் மாறிப்போகும் என்று எதிர்பார்க்கலாம்.

உயிரொலிக்குப் பலம் அதிகம். மெய்யொலி பாவம், மெலிசு, ஒரு நொடியில் மறைந்துவிடும். ஹாலில் எதிரொலி இருந்தால் முந்தைய உயிரொலியின் வால் நீண்டு, அடுத்து வரும் மெய்யொலியை மூடிவிடும். வால்யூமைத் திருகினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். அதனால்தான் காது வலித்தாலும் வார்த்தை புரிவதில்லை.

ஆளில்லாமல் கருவியாலும் அளக்கலாம். நெதர்லாந்தின் ஹவுட்காஸ்ட், ஸ்டீனெகன் 1970-களில் தந்த முறை அது. பேச்சின் ஏற்ற இறக்கம் கேட்பவர் காதுவரை எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து 0 முதல் 1 வரை எண் கொடுக்கும். 0.3-க்குக் கீழே மோசம், 0.75-க்கு மேல் பிரமாதம்.

எனக்கென்னவோ ரைம் டெஸ்ட்தான் பிடிக்கிறது. ஒரு பேப்பர், நாலு நண்பர்கள் போதும். மார்க் குறைந்தால் வால்யூமைத் தொடாதீர்கள். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். மேடையோரம் இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்பவர்களுக்கு அருகில் நகர்த்திவிட்டு, மறுபடி பட்டியலை வாசியுங்கள்.