நோய் உச்சியில், காரணம் காலடியில்

தில்லியின் நிழல் மரங்கள் பட்டுப்போவது ஏன் என்று அறிய அண்ணாந்து பார்த்தால் மட்டும் போதாது

புது தில்லி உருவானபோது சாலைகளுடன் நிழலும் திட்டமிடப்பட்டது. ஜன்பத்தில் நீர்மருது, அக்பர் சாலையில் புளி, அசோகா சாலையில் நாவல், லோதி சாலையில் வேம்பு. இந்தப் பழைய மரங்கள் சிலவற்றில் உச்சிக் கிளைகள் இலையின்றிக் குச்சிகளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. பார்ப்பவர்கள் உடனே சொல்வது: 'பூச்சி அரித்துவிட்டது.' அடுத்து: 'வெட்டிவிடலாம்.' இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்.

முதலில் பக்கத்து மரங்களைப் பார்க்க வேண்டும். ஒரே இன மரங்கள் ஊரெங்கும் காய்ந்தால் பூச்சியையோ பூஞ்சையையோ சந்தேகிக்கலாம். தெலங்கானாவில் 2021இல் வேப்ப மரங்களுக்கு நேர்ந்தது அதுதான். ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையும், தளிரில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற நாவாய்ப் பூச்சியும் தாக்கியதில் மரங்கள் தீயில் கருகியவை போலத் தோன்றின. ஆனாலும் பல மரங்கள் மறுபடி துளிர்த்தன. அதற்கு மாறாக, ஒரே நடைபாதையில் வேம்பு, நாவல், அரசு என்று வெவ்வேறு மரங்கள் சேர்ந்து நலிந்தால் குற்றவாளி மண்ணில் இருக்கக்கூடும். எல்லா இனங்களையும் ஒருசேரக் கொல்லும் பூச்சி அபூர்வம்.

அடுத்து, காய்ந்த இடம். ஒரு கிளை மட்டும் என்றால் காயமோ, தண்டு துளைக்கும் புழுவோ காரணமாகலாம். ஒரு பக்கம் முழுவதும் என்றால் அந்தப் பக்கம் கேபிளுக்கோ குழாய்க்கோ பள்ளம் தோண்டினார்களா என்று விசாரிக்க வேண்டும். உச்சி முழுவதும் நுனியிலிருந்து காய்ந்து, இலைகள் ஆண்டுக்காண்டு சிறுத்தால் வேர்கள் திணறுகின்றன. அடிமரத்தில் காளான் முளைத்திருந்தால் உள்ளே அழுகல். கறையான் பெரும்பாலும் செத்த பகுதியைத்தான் தின்கிறது. குளிர்காலம் முடியும்போது வேம்பு இலை உதிர்ப்பதும் நோயல்ல. குச்சியை நகத்தால் சுரண்டினால் பச்சை தெரிகிறதா? கிளைக்கு உயிர் இருக்கிறது.

சிக்கலே காலம்தான். நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மண்ணின் மேல் இரண்டடிக்குள் பரவியிருக்கின்றன. அவற்றை வெட்டினாலும், மேலே சிமெண்ட் பூசினாலும் மரம் சேமிப்பைக் கொண்டு சில ஆண்டுகள் ஓட்டிவிடும். உச்சி காயும்போது காண்ட்ராக்டர் பில் வாங்கிக்கொண்டு போய் வெகுகாலம் ஆகியிருக்கும். பழி நோய் மேல் விழுகிறது. அல்லது மே மாதப் புழுதிப் புயலில் மரமே கார் மேல் விழுகிறது.

தில்லியில் அனுமதியின்றி மரம் வெட்டுவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி 2013 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கோடாலி கண்ணில் படுகிறது, சிமெண்ட் படுவதில்லை.

வைத்தியம் எளிது. சிமெண்டை வேர் அறுபடாமல் பெயர்த்து, மண்ணை மேலாகக் கிளறி, உதிர்ந்த இலைகளையே பரப்பி, கோடையில் நிதானமாக நீர் விட வேண்டும். காய்ந்த கிளையை நீக்கலாம். பச்சைக் கிளைகளைக் கழிப்பதோ பட்டினி கிடப்பவனின் சோற்றைப் பறிப்பதற்குச் சமம். பலன் தெரிய ஓரிரு மழைக்காலம் ஆகலாம். அதற்குள் யாரும் கோடாலியுடன் வராதிருக்க வேண்டும்.